அசைபோடுதலும் அயற்சொல் மயக்கமும்



ஆங்கிலத்தில் 'உரூமினேட்டு' என்றொரு சொல் உண்டு. ஆவும் எருமையும் ஆடும் மானும் விழுங்கிய இரையை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்லுதலை அது குறிக்கும். ஒரு செய்தியை உள்ளத்துள் திரும்பத் திரும்ப எண்ணுதலையும் அதுவே குறிக்கும். இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்கும் சொல் தமிழில் உண்டோ என ஐயுறுவார் உளர். தொழுவத்தின் பக்கம் சென்றறியாதார் ஐயம் அது!

'மாடு அசைபோடுகின்றது' என்கின்றான் உழவன். 'பழைய நினைவுகளை அசைபோட்டுக் கொண்டிருந்தார்' என்கின்றனர் மக்கள். ஈழத்தமிழரோ 'இரைமீட்டல்' என்பர். மாட்டுக்கும் அதுவே, நினைவுக்கும் அதுவே. ஒருவரிடமும் கடன்படாமல் தமிழன் கண்ட சொற்கள் இவை.

இரைமீட்டல் என்னும் சொல்லின் செப்பத்தை எண்ணிப் பாருங்கள். அசைபோடும் ஆவின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. அரைகுறையாய் மென்று விழுங்கிய புல் முதலறையில் தங்குகின்றது. ஆங்குள்ள நுண்ணுயிர்கள் அதன் நாரைச் சிதைக்கின்றன. பின்னர் ஆ ஓய்ந்து படுத்து, அவ்விரையை உருண்டை உருண்டையாய் வாய்க்கு மீட்டு, உமிழ்நீருடன் நன்கு மெல்லுகின்றது. நான்காம் அறையிலேயே செரிமான நீர் சுரக்கின்றது. ஓரறை இரைப்பையுடைய குதிரைக்கு இச்செயல் இல்லை. இவ்வளவு செய்தியின் உயிர்நிலையை 'மீட்டல்' என்னும் ஒரு சொல் காட்டிவிடுகின்றது!

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு யாது? இலத்தீனில் 'உரூமென்' என்பது தொண்டையைக் குறித்தது. அதன்வழிப் பிறந்த வினை 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் புகுந்தது. மீட்டு மெல்லும் இரைக்குக் 'கட்' என்னும் பழஞ்சொல் ஆங்கிலேயர்க்குச் சொந்தமாக இருந்தும், அறிவியல் ஏட்டில் இலத்தீனே அரியணை ஏறியது. செருமானியரோ 'மீண்டும் மெல்லி' எனப் பொருள்படும் தம் தாய்மொழிச் சொல்லையே அறிவியலிலும் ஆள்கின்றனர். அதனால் அவர்தம் அறிவியல் தாழ்ந்துவிட்டதா?

இன்னுமொன்று. துயரையே ஓயாது எண்ணி மீளமாட்டாது உழலும் நிலைக்கும் உளவியலார் இவ்வாங்கிலச் சொல்லையே வழங்குகின்றனர். அந்நிலை மனச்சோர்வை நீளச்செய்யும் என அமெரிக்க உளவியலறிஞர் சூசன் நோலன் ஓக்சிமா 1991ஆம் ஆண்டு எழுதினார். இதனையும் 'அசைபோடுதல்' என்றே பெயர்த்தல் பொருந்தாது. அசைபோட்ட இரை செரித்து உடலில் சேரும். இனிய நினைவும் அவ்வாறே உள்ளத்தில் சேரும். செரியாத் துயரில் சுழல்வதற்கு 'மறுகுதல்' என்னும் சொல் நம்மிடம் உண்டு. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்ததைத் தமிழ் இரண்டாய்ப் பகுத்துக் காட்டுகின்றது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மருத்துவர் முன் அமர்ந்த தாயொருத்தி, 'உள்ளம் மறுகுகின்றது' என்றால் அவள் நோய் அவருக்கு விளங்க வேண்டும். உழவன் மகன் பள்ளியில் 'உரூமினேட்டு' என மனப்பாடம் செய்யும்போது, தன் தந்தை அன்றாடம் சொல்லும் சொல்லே அது என ஆசிரியர் உணர்த்தல் வேண்டும். உணர்த்தாவிடின், வீட்டறிவு வேறு, பள்ளியறிவு வேறு எனப் பிளவுபட்டு, தன் மொழியைத் தானே இகழக் கற்பான்.

எனவே தோழர்களே, அயற்சொல்லைக் கண்டவுடன் விழுங்காதீர்! சிற்றூர் வாயில் உலவும் சொற்களைத் திரட்டுங்கள், ஏட்டில் ஏற்றுங்கள், நாளும் ஆளுங்கள்.

வெல்க தமிழ்!