வாரம் ஒரு பார்சலைக் குறைப்போம்

(மஹல்லா குடும்பக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





ஆண்டுதோறும் ஜூன் மாதம் கல்வி உதவி கேட்டு வருபவர்களிடம் வீட்டு வரவு செலவைக் கேட்டு எழுதுவது என் வேலை. வாடகை, மளிகை, பால், கரண்ட் பில் எல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள். "ஹோட்டலுக்கு எவ்வளவு?" என்று கேட்டால், "எப்பவாவதுதான் பாய்" என்பார்கள். விரல் விட்டு எண்ணினால் வாரத்துக்கு இரண்டு பார்சல் வந்துவிடும். நான் யாரையும் குறை சொல்லவில்லை. என் வீட்டுக் கணக்கும் அப்படித்தான் இருந்தது. இஷாவுக்குப் பிறகு வீடு திரும்பும்போது என் கையில் பரோட்டாவும் சால்னாவும் இருக்கும். சர்க்கரையும் பிரஷரும் வந்த அன்று டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "இரவில் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்பதுதான்.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. பரோட்டா மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மைதாவில் நார்ச்சத்து மிகக் குறைவு. சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன் அளவுதான். சால்னாவிலும் சிக்கன் 65-இலும் எவ்வளவு உப்பு, எத்தனை முறை காய்ந்த எண்ணெய் என்பது நமக்குத் தெரியாது. வீட்டில் அது நம் கையில் இருக்கிறது.

இப்போது பணக் கணக்கு. நான்கு பேருக்கு ஒரு பார்சல் 400 ரூபாய் என்று வைப்போம். அதே இரவு வீட்டில் சமைத்தால் 150 ஆகும். மிச்சம் 250. வாரம் ஒரு பார்சலைக் குறைத்தால் 52 வாரத்துக்கு 13,000 ரூபாய். பிள்ளையின் புத்தகம், சீருடை, பஸ் செலவுக்கு யாரிடமும் கையேந்த வேண்டாம்.

நம் மார்க்கம் உண்ணவும் பருகவும் அனுமதித்து, விரயத்தைத் தடுத்திருக்கிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள்.

தாய்மார்கள் மனதில் ஓடுவது எனக்குப் புரிகிறது: "சமைப்பது நாங்கள்தானே!" நியாயம்தான். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் இருட்டிய பிறகு திரும்பும் பெண், உடனே அடுப்பைப் பற்ற வைக்க முடியாமல்தான் பார்சல் வாங்கச் சொல்கிறாள். ஆகவே ஆண்களுக்குச் சொல்கிறேன்: வீட்டு வேலையில் கை கொடுப்பது ரசூலுல்லாஹ்வின் சுன்னத். காலையில் உழவர் சந்தையில் காய் வாங்கி வாருங்கள். வெங்காயம் உரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாவு அரைத்து வைத்தால் மூன்று இரவுக்கு இட்லி, தோசை ஆகிவிடும். என் வீட்டில் இப்போது வெங்காயம் உரிப்பது நான்தான்.

ஹோட்டல் நடத்தும் சகோதரர்களும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். உங்கள் ரிஸ்கில் கை வைப்பது எங்கள் நோக்கம் அல்ல. விருந்தாளி வந்தால், பயணம் போனால், பெருநாள் மறுநாள் குடும்பத்தோடு சாப்பிட உங்களிடம்தான் வருவோம். காய்ந்த எண்ணெயை மறுநாளுக்கு வைக்காதீர்கள், அதுவும் அமானிதம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு உண்டியல் வையுங்கள். பார்சல் வாங்காத இரவில் அந்த 250 ரூபாயை அதில் போடுங்கள். ஜூன் மாதம் பிள்ளைகளே திறக்கட்டும்.

அல்லாஹ் நம் உணவிலும் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.