கோபாலன் கிண்ணமும் ஒப்பாரிக் கோச்சியும்

இலக்கிய நிகழ்ச்சியில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

எம்.ஜே. கோபாலன் சென்னை அணியின் வேகப்பந்து வீச்சாளர். 1934இல் ரஞ்சிக் கிண்ணத்தின் முதற்பந்தைச் சேப்பாக்கத்தில் வீசியவர். ஹொக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹொக்கி அணி தங்கத்தோடு திரும்பியது; இவருக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்டிலும் இடம் கிடைக்கவில்லை. பாவம், மனிதர்!

அவரைக் கௌரவித்து, 1952-53 பருவத்தில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கியதே கோபாலன் கிண்ணம். அங்கும் இங்குமாக, 1975-76 வரை ஏறக்குறைய ஆண்டுதோறும் நடந்தது. டெஸ்ட் அந்தஸ்து இல்லாத நம் வீரர்களுக்கு அது பெரிய வாய்ப்பு.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் எங்கள் லயத்துச் சிறுவர்களுக்கு அதுவே பெரிய வழக்கு. கடையில் சீனி சுற்றித் தந்த பழைய பேப்பரில் ஸ்கோர் பார்ப்போம். சென்னையா, இலங்கையா? நான் சென்னைக் கட்சி. அடுத்த காம்பிராவில் இருந்த என் சிநேகிதன் இலங்கைக் கட்சி. "நாம பொறந்த ஊருடா இது" என்பான்.

பெரியவர்களுக்கும் அதே கேள்விதான்; ஆனால் அது விளையாட்டல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களான எம்மவரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று 1964 ஒப்பந்தம் பங்கு பிரித்தது.

சிநேகிதன் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் தலைமன்னார் போகும் ஒப்பாரிக் கோச்சியில் அவனை ஏற்றிவிட்டோம். சென்னைக் கட்சிக்காரன் நான், மேடையில் நின்றேன். கூடலூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது: "இங்கே என்னைச் சிலோன்காரன் என்கிறார்கள்."

1982 பெப்ரவரியில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது. அதன்பின் கோபாலன் கிண்ணத்துக்குப் பழைய தேவை இருக்கவில்லை. சில காலத்தில் நின்றுபோனது. அதே ஆண்டு செப்டம்பரில், இந்திய மண்ணில் இலங்கையின் முதல் டெஸ்ட், அதே சேப்பாக்கத்தில். துலிப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் 105. பேப்பரில் அதைப் பார்த்ததும் அவன் நினைவுதான் வந்தது. கூடலூரில் யாருக்கும் கேட்காமல் கைதட்டியிருப்பானோ?