ஏழு நூல்களில் ஒரு மாநகர்

மாயக் கதை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன ஏழு கடல், ஏழு மலை, அவற்றுக்கு அப்பால் ஒரு குகை, குகைக்குள்ளே மந்திரவாதியின் உயிரைத் தாங்கிய ஒரு கிளி என்பனவே. மேல்நாடுகளில் செழித்துவரும் ஒரு கதைவகையோ, இத்தனை தொலைவு நம்மை நடக்கவிடுவதில்லை. அங்கே பூதம் குடியிருப்பது நாம் பஸ் ஏறும் தெருவிலேயேதான். இதனை நகர மாயக்கதை என்று சொல்லலாம். இவ்வகைக் கதைகள் பெரும்பாலும் ஒரு நூலோடு நிற்பதில்லை. பத்து, பதினைந்து என்று நீண்டுகொண்டே போகும். அலுவலும் குடும்பமும் உடைய ஒருவர் இத்தனை நூல்களுக்குத் தம் பொழுதை ஈவது தகுமா? ஒரு தொடரை எடுத்துக்கொண்டு இக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

பென் ஆரனோவிச் என்ற ஆங்கில எழுத்தாளர் பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘டாக்டர் ஹூ’ தொடருக்குக் கதைகள் எழுதியவர். புத்தகக் கடையிலும் பணியாற்றியவர். 2011ஆம் ஆண்டில் அவர் ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ என்ற நாவலை வெளியிட்டார். லண்டன் மாநகரின் நதிகள் என்பது அதன் பொருள். கதாநாயகன் பீட்டர் கிராண்ட் ஓர் இளம் போலீஸ் கான்ஸ்டபிள். அவன் தாய் ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோனிலிருந்து வந்தவள். கோவென்ட் கார்டன் பகுதியில் கொலை நடந்த இடத்தை அவன் இரவில் காவல் காக்கும்பொழுது, கண்ணால் கண்டதைச் சொல்ல ஒரு சாட்சி முன்வருகிறான். அந்தச் சாட்சியோ இறந்து நெடுங்காலம் ஆனவன்! அன்று தொடங்கி, நைட்டிங்கேல் என்ற மூத்த அதிகாரியிடம் பீட்டர் மந்திரம் பயிலும் சீடனாகிறான்.

இத்தொடரின் முதற் சிறப்பு, நகரம் வெறும் பின்னணியாக நின்றுவிடாமையே. ஹாம்ஸ்டெட் மேட்டில் தோன்றிப் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தருகே தேம்ஸ் நதியில் கலக்கும் ஃபிளீட் ஆற்றை, லண்டன் மக்கள் சிறிது சிறிதாகச் சாக்கடையாக்கி, மூடி, மேலே தெருவும் போட்டுவிட்டார்கள். டைபர்ன், எஃப்ரா முதலிய ஆறுகளின் கதியும் ஏறக்குறைய அதுவே. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸிலிருந்து எழுந்த துர்நாற்றம் பார்லிமெண்ட் உறுப்பினர்களையும் நிலைகொள்ளாமற் செய்தது. அதன் பின்னரே ஜோசஃப் பாசல்கெட் என்ற பொறியியலாரின் பெரும் கழிவுநீர்த் திட்டம் உருப்பெற்றது. இவை வரலாறு. ஆரனோவிச் இவற்றின்மீது தம் கற்பனையை எழுப்புகிறார். அந்த நாற்றத்தைப் பொறாத கிழத் தேம்ஸ் நகரைத் துறந்து மேற்கே போய்விட்டானாம். வெற்றிடமான அரியணையில், நூறாண்டு கழித்து நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு பெண் அமர்ந்து, தேம்ஸ் அன்னையானாளாம். ஃபிளீட்டும் டைபர்னும் எஃப்ராவும் அவளுடைய புதல்வியர்.

நதியைத் தாயென்று வணங்கும் நாட்டில் பிறந்த நமக்கு இது புதுமையன்று. ஆனால் வணங்கிய கையாலேயே அதனை மாசுபடுத்தும் வழக்கமும் நமக்கு உண்டு. யமுனைக் கரையிலுள்ள தலைநகரில் வாழும் எனக்கு, கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போன அந்த நதித் தெய்வத்தின் கதை வெறும் பொழுதுபோக்காகத் தோன்றவில்லை.

இரண்டாவது சிறப்பு, மாயத்தை ஆசிரியர் கையாளும் முறை. அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்ப்பதே தொழிலாகக்கொண்ட எனக்கு அது தனிச்சுவை தந்தது. பேயைக் கண்டாலும் போலீஸ்காரன் அறிக்கை எழுதியாக வேண்டும் அல்லவா? அந்த அறிக்கையில் பேயை எப்படிக் குறிப்பிடுவது? பீட்டரின் கவலை பெரும்பாலும் இத்தகையதே. மேலும், இங்கே மந்திரம் விலையின்றிக் கிடைப்பதில்லை. ஓர் ஒளியை உள்ளங்கையில் வரவழைக்க நாட்கணக்கில் பயில வேண்டும். அருகிலுள்ள கைப்பேசியின் உட்பொறி பொடியாகிவிடும். அளவு மீறினால் மந்திரம் செய்பவனின் மூளையே சிதையும்.

மூன்றாவதாக நான் சொல்ல விரும்புவதே முதன்மையானது. நீண்ட தொடர்களுக்கு இயல்பான நோய் மறதி. ஒரு நூலில் பட்ட காயம் அடுத்த நூலில் ஆறிப்போயிருக்கும். அழுதவர் சிரித்துக்கொண்டு வருவர். இத்தொடர் மறப்பதில்லை. பீட்டருடன் பணியேற்ற லெஸ்லி மே என்ற பெண் கான்ஸ்டபிள், அவனைவிடத் திறமைசாலி. முதல் நூலில் தீய சக்தி ஒன்றினால் அவள் முகம் சிதைந்துவிடுகிறது. அடுத்துவரும் நூல்களில் அவள் முகமூடி அணிந்து நடமாடுகிறாள், நகைச்சுவையும் பேசுகிறாள். முகம் மீளுமா என்ற ஏக்கம் மட்டும் அந்த முகமூடிக்குப் பின்னால் வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2013இல் வந்த நான்காம் நூலின் இறுதியில் அவள் செய்யும் செயலை இங்கே கூறினால் படிப்பவரின் இன்பம் கெடும். அதன் விளைவுகள் 2018இல் வந்த ஏழாம் நூல்வரை தொடர்கின்றன என்றுமட்டும் சொல்லலாம்.

ஒரு மனிதரின் துயரம் எத்தனை காலம் நீடிக்கும், நட்பு அதனை எவ்வளவு தாங்கும் என்பதை ஒரே நூலில் ஆசிரியர் நமக்குச் சொல்லலாம், நாமும் அறிந்துகொள்ளலாம். ஏழு நூல்களில் நாம் அந்தக் காலத்தையே உடன் வாழ்ந்து கழிக்கிறோம். நீளமான தொடருக்கு நியாயம் இதுவே. இது இல்லாத தொடர், எத்தனை பூதங்கள் வந்தாலும், பக்கக் கணக்கால் மட்டுமே நீளமானது.

தொடரில் 2025ஆம் ஆண்டுவரை புதிய நாவல்கள் வந்துள்ளன. படிக்க விழைவோர் முதல் நூலிலிருந்து வரிசையாகவே தொடங்குக. இடையில் புகுந்தால் லெஸ்லியின் மௌனங்கள் விளங்கா. ஒரு லண்டன் வரைபடமும் அருகில் இருப்பது நலம். ஏழாம் நூலோடு ஒரு பெருங்கதை முற்றுப்பெறுவதால், வேண்டுவோர் அங்கே இளைப்பாறலாம். அதற்குப்பின் நம் ஊரில் ஏதேனும் ஒரு தெருவில் நடக்கும்போது, இதன் அடியில் முன்னர் ஓடியது எந்த ஓடை என்று கேட்கத் தோன்றுமானால், படித்த பொழுது வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.