மூன்றாம் படிவத்திலேயே கேளுங்கள்
(பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எஸ்.பி.எம். முடிவு வந்த சில மாதங்களில் என் ஆபீசில் கூட்டம் சேரும். கையில் பிளாஸ்டிக் ஃபைல், உள்ளே சான்றிதழ்கள். "மெட்ரிகுலேஷன் கிடைக்கல லாயர் சார், அப்பீல் எழுதிக் கொடுங்க." எழுதிக் கொடுக்கிறேன். 90க்கு 10 என்ற கோட்டாவின் அநியாயத்தை எந்த மேடையிலும் பேசுவேன்.

ஆனால் ஒருமுறை லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் மகளோடு வந்தார். சின்ன வயதிலிருந்தே அந்தப் பிள்ளைக்கு டாக்டர் ஆசை. ரிசல்ட்டில் ஏ வரிசையாக இருக்கிறது. உயிரியலும் இல்லை, இரசாயனமும் இல்லை. பொது அறிவியல் மட்டும். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "ஸ்கூல்ல போட்டதைப் படிச்சிச்சு சார், நமக்கு என்னா தெரியும்?" என்றார். எடுக்காத பாடத்துக்கு நான் எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது?

முன்பு அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று வெளிப்படையாகத் தெரிந்தது. 2020 முதல் நான்காம் படிவத்தில் 'பக்கேஜ்' முறை. 'ஸ்டெம்' என்று பெயர் இருந்தாலே போதும் என நம்பிவிடாதீர்கள், அதிலும் பல வகை உண்டு. இயற்பியல், இரசாயனம், உயிரியல், கூடுதல் கணிதம் நான்கும் அந்தத் தாளில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். மருத்துவத்துக்கு உயிரியலும் இரசாயனமும் வேண்டும். இன்ஜினியரிங் என்றால் இயற்பியலும் கூடுதல் கணிதமும். கூடுதல் கணிதம் கஷ்டம் என்பார்கள். கஷ்டம்தான். டியூஷனுக்கு வழி தேடுவோம், பாடத்தை விடவேண்டாம். தமிழையும் விடவேண்டாம், அறிவியல் எடுத்தால் தமிழ் எடுக்க முடியாது என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள்.

பத்து ஏ எடுத்த எல்லா இன மாணவருக்கும் மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024-இல் பிரதமர் அறிவித்தார். 2025-இல் ஏ மைனஸ் கணக்கில் சேராது என்றார்கள். அந்தச் சண்டை தனி. இரசாயனம் எடுக்காத பிள்ளைக்குப் பத்து ஏ இருந்தும் அறிவியல் பிரிவு திறக்காது. கோட்டா இல்லாத ஆறாம் படிவம் இருக்கிறது, எஸ்.டி.பி.எம். எழுதிப் பல்கலைக்கழகம் போனவர்கள் நம்மில் நிறையப் பேர். அங்கேயும் அறிவியல் பக்கம் போக இதே பாடங்கள்தான் அடித்தளம்.

எனவே மூன்றாம் படிவம் முடிவதற்குள் பள்ளிக்குப் போங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. மறுத்தால் காரணத்தைக் கடிதமாகக் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் இருந்தால் எனக்கு வேலை செய்ய வழி உண்டு. மலாய் மொழியில் கடித மாதிரி கொண்டுவந்திருக்கிறேன், போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.