அங்கிக்குள் தைத்த தாள்

1662ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, பாரிஸ் மாநகரில், 39 வயதினரான அறிஞர் ஒருவர் காலமானார். சில நாட்களின் பின், அவருடைய ஆடைகளை ஒழுங்குசெய்த பணியாளர், அங்கியின் உட்புறம் ஓரிடத்தில் தடித்திருக்கக் கண்டு தையலைப் பிரித்தார். மடித்த தோலேடு ஒன்றும் அதனுள்ளே ஒரு காகிதமும் இருந்தன. இரண்டிலும் இறந்தவரின் கையெழுத்தே காணப்பட்டது. ஏறக்குறைய எட்டு ஆண்டுகளாக, அங்கியை மாற்றுந்தோறும் அவற்றை எடுத்துப் புதிய அங்கியில் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார். உற்றாரும் இதனை அறிந்திலர்.

அவர்தாம் பிளேஸ் பஸ்கால்.

நேயர்களே, பஸ்காலின் அறிவைச் சாதாரண அளவுகோலால் அளத்தல் இயலாது. ரூவன் நகரில் வரிக் கணக்குகளோடு தந்தையார் படும்பாட்டைக் கண்டு, 1642இல், 19ஆம் வயதிலே, கூட்டவும் கழிக்கவும் வல்ல பற்சக்கரப் பொறியொன்றை அமைக்கத் தொடங்கினார். 1648 செப்டெம்பரில், இவர் வேண்டியவாறு, தமக்கையின் கணவர் பாதரசக் குழாயோடு புய்-த-டோம் என்னும் மலையில் ஏறினார். அடிவாரத்திலும் பார்க்க உச்சியிலே பாதரசம் தாழ்ந்து நின்றது. காற்றுக்கு நிறையுண்டு என்பதற்கு அம்மலை சான்றாயிற்று.

இத்தகைய அறிவு படைத்தவருக்கு வேறென்ன வேண்டும் என்று உலகம் கேட்கும். ஆயினும் 1654இல் அவருள்ளம் வறண்டு கிடந்தது. கன்னிமடம் புகுந்திருந்த தங்கையிடம் அடிக்கடி சென்று தம் நிலையைக் கூறி வருந்தினார். உலக வாழ்வு கசந்துவிட்டது. இறைவன்பாலோ ஈர்ப்புத் தோன்றவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்றவரை அவருடைய கணிதம் தாங்கவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு பத்தரை மணியளவில் தொடங்கி, நள்ளிரவு கழிந்து அரைமணி வரையில் அவருக்கு நேர்ந்ததையே அத்தாள் கூறுகின்றது. கணித அறிஞரல்லவா? நாளையும் நேரத்தையும் குறிக்க மறந்தாரில்லை! தம்மை ஆட்கொண்டவர் மெய்யியலார் வாதத்தால் நிறுவும் ஒரு கருத்தல்லர், ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் நம்பிய கடவுளே என்று அதிற் பதிந்தார்.

இதனால் அவர் அறிவைத் துறந்தார் என்று கொள்வோர் தவறுவர். 1658இல், பல்வலியால் துயிலிழந்த இரவிலே, உருளும் சில்லின் விளிம்பிலுள்ள புள்ளி வரையும் வளைகோட்டைப் பற்றிய கடுங்கணக்குகளில் மனத்தைச் செலுத்தினார். இறந்த ஆண்டிலும், பாரிஸ் வீதிகளில் குறைந்த கட்டணத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரைவண்டிச் சேவையைத் தொடக்கியவர்களுள் அவரும் ஒருவர். அதில் வரவிருந்த இலாபத்திலிருந்து முற்பணம் பெற்று, புளுவா என்னும் ஊரில் வாடிய வறியோருக்கு அனுப்ப முயன்றார். அவர் மறைந்தபின் 1670இல் வெளியான குறிப்புகளும் அறிவை இகழவில்லை. தன்னைக் கடந்தவை பல உண்டென்று கண்டுகொள்வதும் அறிவின் வேலையே என்பது அவற்றில் வரும் கருத்து.

தோலேடு பின்னாளில் தொலைந்து போயிற்று. காகிதமோ பாரிசிலுள்ள தேசிய நூலகத்தில் இன்றும் பேணப்பட்டு வருகின்றது.