முதலில் தண்ணீரைச் சோதிப்போம்

எங்க குழுவில் ஒரு அக்கா, போர் தண்ணிக்கு நானோ மெஷின் மாட்டணும், 35,000 ரூபாய் கடன் வேணும்னு கேட்டாங்க. எந்த நஞ்சா இருந்தாலும் எடுத்துடும்னு விற்க வந்தவர் சொன்னாராம்.

நானோ என்பது பொய் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப் குழுவினர், துரு மாதிரியான இரும்புப் பொருளை நானோ அளவில் செய்து, குடிநீரில் உள்ள ஆர்சனிக்கைப் பிடிக்க வைத்தார்கள். அதற்கு அம்ரித் என்று பெயர். நானோமீட்டர்னா ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நம்ம விருத்தாசலம் செராமிக் வேலையில் மண்ணை நைசா அரைக்கிறோமே, அதுபோலத்தான். துகள் சிறுக்கச் சிறுக்க மொத்தப் பரப்பு கூடும், நஞ்சு ஒட்ட இடம் கிடைக்கும்.

ஆனா அது குடத்துத் தண்ணிக் கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கவே சுமார் 40,000 லிட்டர் வேணும். அத்தனையும் வடிகட்டினால் செலவு தாங்குமா? பிடித்த நஞ்சும் மறைஞ்சு போகாது, வடிகட்டியிலேயே இருக்கும். அதை எங்கே கொட்டுறது? ஆர்சனிக்கைப் பிடிக்கிற பொருள் உப்பைப் பிடிக்காது. நம்ம தண்ணியில் என்ன இருக்குன்னே தெரியாம எதை வாங்குறது?

அதனால் கடனை நிறுத்தி வைத்தோம். ரெண்டு வாரமா அக்கா என்கிட்ட பேசலை. தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியிருக்கோம். ரிப்போர்ட் வந்ததும் அவங்க வீட்டுக்கு நானே எடுத்துட்டுப் போறேன்.