நம் ஊர் இரயில் நிலையம்

(அடி அண்ணாமலையில் கூடிய பஞ்சாயத்து அங்கத்தினர்கள், விவசாயிகள் முன்னிலையில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராம அபிவிருத்தி என்றவுடன் கிணறு, பாட்டை, பள்ளிக்கூடம், விதை, எரு ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. இரயில் நிலையம் நினைவுக்கு வருவதில்லை. அது மத்திய சர்க்காருக்கு உரியது. டிக்கட் வாங்குவதைத் தவிர அதற்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று இருந்துவிடுகிறோம். பாதையைப் போடுவதும் வண்டியை ஓட்டுவதும் இரயில்வே இலாகாவின் வேலைதான். ஆனால் ஒரு சிறு நிலையம் வாழ்வதும் தேய்வதும் அதைச் சுற்றியுள்ள ஊர்களின் கையிலும் இருக்கிறது. இதை எடுத்துச் சொல்வதே இன்று நம் நோக்கம்.

பாதை வந்த வரலாறு

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, போளூர், வேலூர் வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் பாதையின் நீளம் 161 கிலோமீட்டர். தென்னிந்திய இரயில்வேக் கம்பெனியார் இதனை 1890-91 ஆம் ஆண்டுகளில் மீட்டர் பாதையாக அமைத்தனர். 1944 இல் அக்கம்பெனியைச் சர்க்கார் ஏற்றது. 1951 ஏப்ரல் 14 ஆம் நாள் வேறு இரண்டு இரயில்வேக்களுடன் அது இணைந்து தெற்கு இரயில்வே உருவாயிற்று. இன்று நம் நிலையம் திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தைச் சேர்ந்தது.

இப்பாதையில் தண்டரை, துரிஞ்சாபுரம், கண்ணமங்கலம் போன்ற சிறு நிலையங்கள் பல உள்ளன. ஆரணி ரோடு நிலையம் ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. பெயர் நகரத்தினுடையதாயினும் நிலையம் கிராமத்தினுடையது. திருவண்ணாமலை நிலையமோ நகரின் கிழக்கே உள்ளது. மலைக்கு மேற்கே வாழும் அடி அண்ணாமலை மக்கள் மலையைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் வண்டி ஏற வேண்டும். ஆகையால் வண்டியின் நேரம் அறிந்து புறப்படுவது மற்றவரைவிட இவ்வூராருக்கு அவசியமாகிறது.

தெரியாததால் நடந்த நடை

ஒரு வசதி இருப்பது வேறு. அது இருப்பதை அறிந்திருப்பது வேறு. பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் போற்றிய வேங்கடராமன், 1896 ஆகஸ்ட் 29 ஆம் நாள் மதுரையை விட்டுப் புறப்பட்டார். அவர் பார்த்த பழைய தேசப்படத்தில் திருவண்ணாமலைக்கு இரயில் பாதை காட்டப்படவில்லை. அருகிலுள்ள நிலையம் திண்டிவனம் என்று கருதி, கையிலிருந்த 3 ரூபாயில் 2 ரூபாய் 13 அணா கொடுத்து அவ்வூருக்கு டிக்கட் வாங்கினார். விழுப்புரத்திலிருந்து நேராகத் திருவண்ணாமலைக்கே பாதை உண்டு என்று வண்டியிலிருந்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் அறிந்தார். மிச்சக் காசு மாம்பழப்பட்டு வரைக்குமே போதியதாயிற்று. அப்பால் கால்நடையாக நடந்து, கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்துப் பணம் பெற்று, செப்டம்பர் 1 ஆம் நாள் காலை இரயிலிலேயே இங்கு வந்து சேர்ந்தார். பாதை போட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியும் செய்தி அவரை எட்டவில்லை.

அவருக்கு அது தெய்வத் திருவுளம் என்று அன்பர்கள் கொள்வார்கள். நமக்கு அது பாடம். இன்றும் நம் கிராமங்களில் எத்தனை பேருக்கு வண்டிகளின் நேரம் தெரியும்? 150 கிலோமீட்டர் வரை மாதாந்திர சீசன் டிக்கட் பெறலாம் என்பதை எத்தனை மாணவர்கள் அறிவார்கள்?

மூட்டை மாற்றிய காலம்

மீட்டர் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் அகலம். அகலப்பாதையிலோ 1,676 மில்லிமீட்டர். காட்பாடியில் சென்னை மார்க்கம் அகலப்பாதை. நம் மார்க்கம் மீட்டர் பாதை. நம்முடைய வாகன் அங்கே மேற்கொண்டு செல்ல இயலாது. சரக்கை இறக்கி, மறு வாகனில் ஏற்ற வேண்டும். இதில் கூலி செலவாகும்; நாள் கழியும்; சாக்குக் கிழிந்து தானியம் சிந்தும். இந்த நஷ்டம் கடைசியில் விளைவித்தவன் தலையிலேயே விழுந்தது.

அகலப்பாதை வேலைக்காக வண்டிகள் நின்றிருந்த காலத்தில் மக்கள் பட்ட சிரமத்தை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேலை முடிந்து அகலப்பாதையில் வண்டிகள் ஓடலாயின. பின்னர் மின்சாரமும் வந்தது. திருப்பதி - இராமேசுவரம் மார்க்கத்து விரைவு வண்டி நம் நிலையம் வழியே செல்கிறது. சென்னைக் கடற்கரைக்கும் வேலூர் கண்டோன்மென்டுக்கும் இடையே ஓடிய வண்டி, 2024 மே 2 முதல் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. நெடுநாள் கோரிக்கையின் பலன் இது. கார்த்திகை தீபத்துக்கு விசேஷ வண்டிகளும் விடப்படுகின்றன.

சிறு நிலையங்களுக்கு வரும் ஆபத்து

பெரிய நிலையத்துக்குக் குறைவில்லை. கவலை சிறு நிலையங்களைப் பற்றியதே. 2020 மார்ச்சில் நோய்த் தொற்றினால் நாடெங்கும் பயணி வண்டிகள் நின்றன. மறுபடி ஓடியபோது சாதாரண வண்டிகளுக்கும் விரைவு வண்டிக் கட்டணமே வாங்கப்பட்டது. 10 ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் 30 ரூபாயாயிற்று. பயணிகள் குறைந்த பல சிறு நிலையங்களில் வண்டி நிற்பதும் நின்றுபோயிற்று. பழைய கட்டணம் 2024 பிப்ரவரியில்தான் திரும்பிற்று.

இங்கிலாந்து தேசத்தில் நடந்ததையும் கேளுங்கள். 1963 மார்ச்சில் டாக்டர் பீச்சிங் என்பவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். நஷ்டத்தைக் காரணம் காட்டி, 2,300க்கு மேற்பட்ட நிலையங்களை மூடலாம் என்று அதில் யோசனை கூறினார். இதற்காக 1961 ஏப்ரலில் ஒரு வாரம் பயணிகளைக் கணக்கெடுத்திருந்தார்கள். கோடையில் நிரம்பி வழியும் கடற்கரை ஊர்களுக்கும் அந்த ஏப்ரல் வாரமே அளவுகோலாயிற்று. கார்த்திகையையும் பௌர்ணமியையும் விட்டுவிட்டு, வேறொரு நாளில் நம் நிலையத்துக் கூட்டத்தை எண்ணினால் எப்படியோ, அப்படி! எனினும் பல கிராம நிலையங்கள் மூடப்பட்டன.

அந்நாட்டின் வடக்கே செட்டில் - கார்லைல் என்னும் மலைப்பாதையின் சிறு நிலையங்களும் 1970 இல் மூடப்பட்டன. ஆயினும் மக்கள் வாளாவிருக்கவில்லை. 1975 முதல் சில விடுமுறை நாட்களில் தனி வண்டி அமர்த்தி ஓட்டினார்கள். உள்ளூராட்சி மன்றங்கள் கைகொடுத்தன. கூட்டம் பெருகிற்று. 1986 இல் எட்டு நிலையங்கள் மீண்டும் திறக்கப்பட்டன. பாதையையே மூட முயன்றபோது 22,000 பேருக்கு மேல் எழுத்து மூலம் ஆட்சேபித்தார்கள். 1989 ஏப்ரலில் அரசாங்கம் அந்த யோசனையைக் கைவிட்டது. வெறும் கூக்குரலால் இது கைகூடவில்லை. அவர்கள் வண்டியில் ஏறிக் காட்டினார்கள். கணக்கோடு எழுதிக் காட்டினார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, வண்டி ஏறும் நிலையத்திலேயே டிக்கட் வாங்குவோமாக. டிக்கட் இல்லாமல் ஏறுபவன் இரயில்வேயை ஏமாற்றுவதோடு தன் ஊரின் கணக்கையும் குறைக்கிறான்.

இரண்டாவது, வண்டி நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, பஞ்சாயத்து அலுவலகத்திலும் பள்ளியிலும் பால் கூட்டுறவுச் சங்கத்திலும் வைக்கலாம். வண்டி நேரத்தை ஒட்டிப் பஸ் வரும்படி கேட்கலாம்.

மூன்றாவது, நிலைய எல்லைக்கு வெளியே உள்ள பாட்டை, தெருவிளக்கு, சாக்கடை இவை உள்ளூராட்சியின் பொறுப்பு. இருட்டில் பெண்கள் தனியே நடக்க அஞ்சும் பாட்டை இருந்தால், வண்டி நின்றும் பயனில்லை. எல்லைக்குள் எதைச் செய்வதாயினும் இரயில்வேயின் அனுமதி வேண்டும்.

நான்காவது, கோரிக்கையை முறைப்படி அனுப்புவோமாக. கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, திருச்சிராப்பள்ளிக் கோட்ட மேலாளருக்கும் பாராளுமன்ற அங்கத்தினருக்கும் அனுப்பலாம். கோட்டப் பயணிகள் ஆலோசனைக் குழு ஒன்றும் உண்டு. 'வண்டி நிற்க வேண்டும்' என்று மட்டும் எழுதுவது போதாது. எந்த ஊரிலிருந்து, எத்தனை மாணவர்கள், எத்தனை கூலிக்காரர்கள், எத்தனை காய்கறி வியாபாரிகள், எந்த நேரத்தில் பயணம் செய்வார்கள் என்று வீடு வீடாக எண்ணி எழுதுங்கள். எண்ணிக்கைக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஐந்தாவது, உயிரைக் காப்போமாக. பாதையின் மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. தொடாவிட்டாலும், நெருங்கினாலே தாக்கும். கடவுப்பாதையில் வைக்கோல், கரும்பு ஏற்றிய வண்டிகள் உயரத் தடையை மீறக்கூடாது. பாரத்தின் மேல் ஆள் உட்காரக்கூடாது. மூங்கிலையும் போர்க்குழாயையும் படுக்கையாகவே கொண்டு செல்ல வேண்டும். மாடுகளைப் பாதையோரம் அவிழ்த்துவிடலாகாது.

அன்பர்களே! இரயில் பாதை வந்து 130 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதை நமக்குத் தந்தவர்கள் நம் அபிப்பிராயத்தைக் கேட்டுத் தரவில்லை. இனி வரும் வசதிகள் அப்படியல்ல. கேட்டவருக்கும் பயன்படுத்துபவருக்குமே வரும். அடுத்த கிராம சபைக்குள் ஒவ்வோர் ஊரும் தன் பயணிகளின் கணக்கைத் தயார் செய்துகொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்கு வேண்டிய உதவியை ஒன்றிய அலுவலகம் செய்யும்.